காயத்தின் வாசனை

நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் கேட்டால், உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி மஞ்சளும் பழுப்புமான கட்டிகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். தணலில் போட்டால் கோவில் பிராகாரத்தின் மணம். களிம்பாகக் குழைத்தால் புண்ணுக்கு மருந்து. குங்கிலியம் என்பது சால மரத்தின் பிசின். இமயத்தின் அடிவாரத்திலிருந்து மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா வரை காடு காடாக நிற்கும் அந்த மரம் யாருடைய பூஜைக்காகவும் பிசினைச் சுரப்பதில்லை. பட்டை கிழிந்த இடத்தை மூடுவதற்கும், துளைத்து நுழையும் புழுவை மூழ்கடிப்பதற்கும் சுரக்கிறது. நமக்குப் புண்ணாற்றும் அந்தக் கட்டி முதலில் மரத்தின் புண்ணை ஆற்ற உண்டானது. ஆனால் எந்த மருந்துக்கும் மணம் உண்டு. மணத்தைக் கட்டிவைக்க முடியாது. காட்டு மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வண்டுகளின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மரத்தின் மணம் வண்டை ‘ஈர்க்கிறது’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அந்தச் சொல்லைக் கேட்டதும் பூவும் தேனீயும்தான் மனத்தில் வரும். பூ கடை விரித்து வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறது. வந்தவரால் அதற்கு லாபமும் உண்டு. மரத்தண்டு யாரையும் கூப்பிடவில்லை. அதன் மணத்தில் பெரும்பங்கு நஞ்சின் மணம். பூச்சியை விரட்டவும், பூஞ்சையை அடக்கவும், காயத்தை அடைக்கவும் அது தயாரித்து வைத்திருக்கும் சரக்கிலிருந்து கசிவது. வண்டு அந்தக் கசிவை மோந்து தெரிந்துகொள்வது, ‘இங்கே சாப்பாடு இருக்கிறது’ என்பதைவிட, ‘இந்த மரம் எந்த நிலையில் இருக்கிறது’ என்பதைத்தான். வாசலில் நின்று மருந்து நெடியை வைத்தே உள்ளே நோயாளி எப்படி இருக்கிறார் என்று கணிப்பதைப் போன்றது இது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது அவ்வளவுதான். இதற்கு என்ன சான்று, எங்கே இது இடிக்கிறது என்று பார்ப்போம்.

முதல் சான்று சால மரமே தருகிறது. சால மரத் துளைப்பான் என்பது நீண்ட உணர்கொம்புகள் உள்ள பழுப்பு வண்டு. பருவமழையின் முதல் கனத்த பொழிவோடு மரத்துக்குள்ளிருந்து வெளியே வரும். பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழுக்கள் முதலில் பட்டைக்கு அடியில் தின்று, பிறகு கட்டைக்குள் குடைந்துபோகும். தாக்கப்பட்ட மரத்தின் அடியில் மரத்தூள் குவியலாகக் கொட்டிக் கிடக்கும். வண்டுகள் சொற்பமாக இருக்கும் ஆண்டுகளில் அவை விழுந்த மரம், வெட்டுண்ட மரம், நோயுற்ற மரம் ஆகியவற்றோடு நின்றுகொள்கின்றன. திடமான மரத்துக்குள் நுழையும் சின்னப் புழு குங்கிலியத்தில் மூழ்கிச் செத்துவிடும். எண்ணிக்கை பெருகினால் கணக்கு மாறிவிடுகிறது. ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் துளைத்தால், எந்த மரத்துக்கும் அத்தனை வாயையும் அடைக்கப் பிசின் போதாது. 1920களில் அன்றைய மத்திய மாகாணத்தின் மண்ட்லா பக்கத்துக் காடுகளில் இப்படிச் சுமார் 70 லட்சம் சால மரங்கள் போயின. 1990களின் பின்பாதியில் அதே வட்டாரத்தில் மறுபடியும் லட்சக்கணக்கில் போயின.

இந்த வண்டைப் பிடிக்க வனத்துறை கையாளும் முறையே ஒரு பரிசோதனைதான். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு சால மரத்தை வெட்டிச் சாய்த்து, துண்டு போட்டு, துண்டுகளின் முனைகளில் பட்டை நெகிழ்ந்து நார் நாராகப் பிரியும்வரை அடிப்பார்கள். சாறு கசியும். அந்த மணத்துக்குக் காட்டின் நாலாபுறத்திலிருந்தும் வண்டுகள் வந்து, நைந்த பட்டைக்குள் தலையை நுழைத்துச் சாற்றைக் குடித்துவிட்டு, கள் குடித்தவை மாதிரி மந்தமாகிக் கிடக்கும். கூலியாட்கள் கையாலேயே பொறுக்கிக் கொன்றுவிடுவார்கள். சில நாளில் வெட்டுவாய் காய்ந்ததும் வரத்து குறையும். மறுபடி புதிதாக வெட்டி அடித்தால் மறுபடி வரும். ‘பொறி மரம்’ என்று இதற்குப் பெயர். சுற்றிலும் ஆயிரக்கணக்கான சால மரங்கள் நின்றுகொண்டிருக்கின்றன, அவற்றிலும் அதே சாறுதான் ஓடுகிறது. அப்படியிருந்தும் வண்டு வருவது அடித்து நைத்த துண்டுகளுக்கு. சால மரத்தின் மணம் மட்டும் போதுமென்றால் காடு முழுவதும் மணந்துகொண்டுதான் இருக்கிறது. வண்டைக் கூட்டிவந்தது புதுக்காயத்தின் மணம்.

காயத்தைத் தவிர இன்னொரு தடயமும் உண்டு: சாராயம். வேர் நீரில் மூழ்கினாலோ, திசுக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போனாலோ, மரம் மூச்சுத் திணறி எத்தனாலை உண்டாக்கத் தொடங்குகிறது. நம் பார்வைக்கு இலை பச்சையாகவே இருக்கும். மணம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். கட்டைக்குள் பூஞ்சை பயிரிட்டு அதைத் தின்று வாழும் ஒரு வகைச் சின்ன வண்டுகள் இந்த எத்தனாலைத் தேடி வருகின்றன. ஏன் என்ற கேள்விக்கு 2018இல் சுவையான விடை கிடைத்தது. சாராயம் கலந்த கட்டையில் அவற்றின் பயிர்ப்பூஞ்சை செழிக்கிறது, களையாக வரும் மற்றப் பூஞ்சைகள் ஒடுங்குகின்றன. நலிந்த மரம் என்ற சேதியும் விளையும் நிலம் என்ற சேதியும் அந்த வண்டுக்கு ஒரே மணத்தில் கிடைத்துவிடுகின்றன.

இனி ஐரோப்பாவுக்குப் போகலாம். அங்கே ஸ்புரூஸ் காடுகளை அழிப்பது 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை வண்டு. பட்டையின் உட்புறத்தில் அது குடையும் சுரங்கங்கள் வரிவரியாக அச்சடித்த பக்கம்போல் இருப்பதால் ஜெர்மானியர் அதை ‘அச்சுக்காரன்’ என்பார்கள். அறிவியல் பெயரான ‘டைப்போகிராஃபஸ்’ என்பதும் அதுவே. சால மரத் துளைப்பானுக்குத் தெரியாத ஒரு வித்தை இந்த வண்டுக்குத் தெரியும். ஸ்புரூஸ் பிசினில் ஆல்ஃபா பைனீன் என்ற சேர்மம் நிறைய இருக்கிறது. டர்பன்டைனின் நெடி பெரும்பாலும் இதனுடையதுதான். பூச்சிகளுக்கு இது நஞ்சு. முதலில் துளைத்து நுழையும் ஆண் வண்டு இந்த நஞ்சை விழுங்க நேர்கிறது. அதன் உடலிலுள்ள நொதிகள் அதில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து, நீரில் சற்றே கரையக்கூடிய, வெளியே தள்ள வசதியான ‘சிஸ் வெர்பினால்’ ஆக மாற்றிவிடுகின்றன. நம் கல்லீரல் மருந்துகளைச் சுத்திகரிப்பதும் ஏறக்குறைய இதே வழியில்தான். கழிவாகப் போயிருக்க வேண்டிய அந்தச் சேர்மமே, வண்டு தானாகத் தயாரிக்கும் இன்னொரு சேர்மத்தோடு சேர்ந்து, மற்ற வண்டுகளைத் திரட்டும் முரசாகிவிட்டது. ஆணும் பெண்ணுமாக வந்து குவிகின்றன. திடமான ஒரு ஸ்புரூஸை வீழ்த்தச் சில நூறு வண்டுகள் வேண்டும். அந்தச் சில நூறைத் திரட்டிக் கொடுப்பது மரத்தின் சொந்த ஆயுதம்.

இது எத்தனை நுணுக்கமான வேலை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஆல்ஃபா பைனீன் மூலக்கூறு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும்போல, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். கலிபோர்னியாவின் ஒரு பட்டை வண்டை ஆராய்ந்தபோது, இடக்கால் வடிவத்தை நுகர்ந்தால் கூட்டம் திரட்டும் சிஸ் வெர்பினாலும், வலக்கால் வடிவத்தை நுகர்ந்தால் அந்த வேலைக்கு உதவாத வேறொரு வெர்பினாலும் உண்டாவது தெரிந்தது. அதாவது மரத்தின் பிசினில் எந்தச் செருப்பு அதிகம் என்பதைப் பொறுத்து வண்டின் முரசு ஓங்கும் அல்லது தாழும். பட்டை வண்டுகளின் ஃபெரோமோன், அதாவது இப்படிக் கூட்டம் திரட்டும் மணச்சேர்மம், முதன்முதலில் இனங்காணப்பட்டதும் இதே வண்டில்தான். 1966இல் ராபர்ட் சில்வர்ஸ்டீனும் சகாக்களும் ஆண் வண்டுகள் குடைந்து தள்ளிய மரத்தூளிலிருந்து மூன்று சேர்மங்களைப் பிரித்தார்கள். தனித்தனியாக அவை பெரிதாக எடுபடவில்லை. கலந்தபோதுதான் வண்டு வந்தது. வண்டுக்கு மணம் என்பது ஒற்றைச் சொல்லாக வருவதில்லை, வாக்கியமாகவே வருகிறது என்று அன்றே தெரிந்துவிட்டது.

வட அமெரிக்காவின் மலைப் பைன் வண்டு இதை இன்னொரு படி முன்னே கொண்டுபோயிருக்கிறது. 2018இல் வெளியான ஆய்வின்படி, அதன் புழுக்கள் பட்டைக்குள் பைனீனில் நனைந்தபடி வளரும்போதே நஞ்சை வெர்பினாலாக்கி, கொழுப்போடு பிணைத்து உடலில் சேமித்துவைக்கின்றன. புழு கூட்டுப்புழுவாகி, வண்டாகிப் பறந்தபின், பெண் வண்டு புதிய மரமொன்றைத் துளைக்கும் வேளையில் அந்தச் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. பிறந்த மரத்தின் நஞ்சைச் சீதனமாகக் கட்டிக்கொண்டுவந்து அடுத்த மரத்தின்மேல் ஏவுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

பூஞ்சைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டை வண்டு தனியாக வருவதில்லை; உடலில் பூஞ்சை வித்துகளைச் சுமந்துவருகிறது. அந்தப் பூஞ்சைகள் ஸ்புரூஸ் பிசினின் சேர்மங்களைத் தின்று திரித்து வேறு சேர்மங்களாக்குகின்றன. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச்சூழலியல் நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி உண்டாகும் சேர்மங்களை மட்டுமே உணரும் நரம்பணுக்கள் வண்டின் உணர்கொம்பில் இருப்பதைக் காட்டினார்கள். அவற்றுள் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த கற்பூரம். வண்டுக்கு அந்த மணம், ‘இங்கே பூஞ்சை வேரூன்றிவிட்டது, மரத்தின் காவல் சரிகிறது’ என்ற செய்தி. இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. தாக்குதலுக்குத் திடமாக எதிர்வினை காட்டும் ஸ்புரூஸின் பட்டையில் சினியோல் என்ற சேர்மம் கூடுகிறது. நீலகிரித் தைலத்தின் மூக்கைத் துளைக்கும் மணம் இதனுடையது. வண்டின் உணர்கொம்பிலுள்ள ஒரே நுண்மயிருக்குள் வெர்பினாலை உணரும் அணுவும் சினியோலை உணரும் அணுவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. சினியோல் அணு கிளர்ந்தால் பக்கத்து அணு வாயடைத்துப் போகிறது. சகாக்கள் எவ்வளவு கூவி அழைத்தாலும், மரம் இன்னும் திடமாக இருக்கிறது என்ற சேதி அந்த அழைப்பை அமுக்கிவிடுகிறது. மரத்தின் உடல்நிலையை வண்டு வாசிக்கிறது என்ற வாதத்துக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சான்றைக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. மிக வலுவானது கலிபோர்னியாவிலிருந்து வந்தது. அங்குள்ள பாண்டரோசா பைன் காடுகளில் நோயுற்ற மரங்களிலும் திடமான மரங்களிலும் ஒட்டுப்பொறிகளைக் கட்டி, எதில் எத்தனை வண்டு இறங்குகிறது என்று எண்ணினார்கள். 1981இல் வெளியான முடிவு: வேறுபாடு இல்லை. வண்டு தூரத்திலிருந்து மரத்தின் நலிவை மோந்து வருவதாக இருந்தால் நோயுற்ற மரங்களில் அதிகம் இறங்கியிருக்க வேண்டுமே? அதனால் முதலில் வரும் வண்டுகள் நெட்டுக்குத்தாக நிற்கும் எந்தத் தண்டிலும் குத்துமதிப்பாக இறங்குகின்றன, மணமெல்லாம் பிறகுதான் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். இந்த முடிவை ஒதுக்கித்தள்ள எனக்கு மனமில்லை. அந்த வண்டைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது மறுப்பது தூரத்தை மட்டுமே. இறங்கிய வண்டு பட்டையில் நடந்து, மோந்து, கடித்துப் பார்த்து, பெரும்பாலான மரங்களை விட்டுப் பறந்துபோய்விடுகிறது. வாசிப்பு நடக்கவே செய்கிறது; ஐந்நூறு மீட்டரில் நடக்காமல் ஐந்து மில்லிமீட்டரில் நடக்கிறது. ஐரோப்பாவின் பைன் குருத்து வண்டு நேர் எதிர். அதற்குக் கூட்டம் திரட்டும் முரசு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. காயம்பட்ட பைனின் பிசின் மணம் ஒன்றே அதைத் தூரத்திலிருந்து கூட்டிவந்துவிடுகிறது. சொந்த முரசுள்ள வண்டு மரத்தின் மணத்தைக் கிட்டத்தில் பயன்படுத்துகிறது, முரசில்லாத வண்டு தூரத்திலேயே பயன்படுத்துகிறது என்று பிரித்துப் பார்த்தால் சால மரத் துளைப்பானும் எந்தப் பக்கம் என்பது விளங்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் எளிமையானது: காட்டிக்கொடுக்கும் மணத்தை மரம் ஏன் விட்டொழிக்கவில்லை? கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமத்தில் மணமில்லாத பைன் ஏன் வரவில்லை? கேள்வி மரத்தை ஒரே ஒரு பகைவனோடு மட்டும் நிறுத்திப் பார்க்கிறது. பிசினில்லாத பைனைத் தின்ன ஆயிரம் பூச்சிகளும் பூஞ்சைகளும் காத்திருக்கின்றன. அத்தனை பேரையும் வாசலில் நிறுத்துவது இந்தப் பிசின்தான். அதை வெல்லக் கற்றுக்கொண்ட வண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்கள். அவையும் சாதாரண ஆண்டுகளில் விழுந்த மரங்களோடு திருப்தியடைந்துவிடுகின்றன. போதாததற்கு, வண்டின் முரசு வண்டுக்கும் ஆபத்து. எறும்பு போலவே தோற்றமளிக்கும் சிவப்பும் கறுப்புமான ஒரு வேட்டை வண்டு, அச்சுக்காரனின் ஃபெரோமோனைத் தானும் மோந்து அதே மரத்துக்கு வந்து, இறங்கும் வண்டுகளைப் பிடித்துத் தின்கிறது. மணத்தில் இரகசியம் பேச முடியாது. காற்று எல்லோருக்கும் பொது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. மணம்தான் சூத்திரம் என்றால், அதையே தூண்டிலாக்கி வண்டுகளை ஒழித்துவிடலாமே? நம் ஊர்த் தென்னந்தோப்புகளில் சிவப்புக் கூன்வண்டுக்கு வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி அந்த யோசனைதானே? நார்வே இதைச் செய்துபார்த்தது. 1970களில் காற்றில் சாய்ந்த மரங்களும் வறட்சியும் சேர்ந்து அங்கே அச்சுக்காரன் பெருகியபோது, வடிகால் குழாய் போன்ற, பக்கமெல்லாம் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களில் செயற்கை ஃபெரோமோனை வைத்துக் காடெங்கும் நட்டார்கள். 1979இல் சுமார் 6 லட்சம் பொறிகள். அந்த ஆண்டு அகப்பட்டவை ஏறக்குறைய 290 கோடி வண்டுகள். மறு ஆண்டு 450 கோடி. மலைக்கவைக்கும் எண்கள்தான். ஆனால் முதல் ஆண்டில் 290 கோடியைப் பிடித்த பிறகும் அடுத்த ஆண்டு அதைவிட அதிகம் கிடைத்தது என்றால், பிடிபடாதவை எத்தனை என்று யோசிக்க வேண்டும். பிறகு கொள்ளை தணிந்தது. பொறிகளால் தணிந்ததா, நலிந்த மரங்கள் தீர்ந்து வானிலையும் திருந்தியதால் தணிந்ததா என்ற விவாதம் அதோடு நிற்கவில்லை. என் கணிப்பில் இரண்டாவதற்கே பங்கு அதிகம். பொறி வண்டைக் குறைக்கிறது. மரத்தின் உடல்நிலையை அது தொடுவதில்லை. வாசிக்கிறவனைப் பிடித்துவிட்டாலும் வாசிப்பதற்குரிய செய்தி காட்டில் அப்படியே இருக்கிறது. 2018இல் தொடங்கிய வறட்சியில் ஜெர்மனி மூன்றே ஆண்டுகளில் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் மரப்பரப்பை இழந்தபோது, தாகத்தில் பிசின் வற்றிய ஸ்புரூஸ் மரங்களே முதல் வரிசையில் நின்றன.

செய்தி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கனடா காட்டியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் கடைசியில் தொடங்கிய மலைப் பைன் வண்டுக் கொள்ளை 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தொட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். புழுக்களைக் கொல்லும் மைனஸ் 40 பாகைக் குளிர் அரிதாகிப்போனதும், ஒரே வயதுடைய முதிர்ந்த லாட்ஜ்போல் பைன்கள் அடுத்தடுத்து நின்றதும் காரணங்கள். வண்டு ராக்கி மலைத்தொடரைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள் புகுந்து, தன் மூதாதையர் பார்த்திராத ஜாக் பைனை 2011 வாக்கில் தொட்டிருந்தது. புது மரம் புரியாத மொழியாக இருந்திருக்கலாம், இருக்கவில்லை. ஜாக் பைனின் பிசினில் ஆல்ஃபா பைனீன் அதிகம். அதாவது வண்டு தன் முரசுக்குத் தேவைப்படும் கச்சாப்பொருளைப் பழைய மரத்திலிருந்ததைவிடத் தாராளமாக அங்கே கண்டது. ஜாக் பைன் கனடாவின் கிழக்குக் கரைவரை பரவிக் கிடக்கும் மரம்.

வண்டின் மொழியிலேயே அதைத் திருப்பியனுப்பும் முயற்சியும் நடக்கிறது. ஒரு மரத்தில் கூட்டம் நிரம்பியதும், வெர்பினால் மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்று வெர்பினோன் ஆகிறது. பட்டைக்குள் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘இங்கே இடமில்லை, வேறு மரம் பார்’ என்பது அதன் பொருள். இந்த வெர்பினோனைச் சின்னப் பைகளில் அடைத்து, அமெரிக்க மலையுச்சிகளில் அருகிவரும் வெண்பட்டைப் பைன்களின் தண்டில் ஆணி வைத்து அடிக்கிறார்கள். வண்டுகள் மிதமாக இருக்கும் ஆண்டுகளில் அவை பையை மோந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகின்றன. கொள்ளையாகப் பெருகிய ஆண்டுகளில், சுற்றியுள்ள மரங்களெல்லாம் உண்மையிலேயே நிரம்பிவிட்ட பிறகு, ‘இடமில்லை’ என்று சொல்லும் மரத்தையும் துளைத்துப் பார்க்கின்றன. உள்ளே இடம் இருக்கிறது.